சனிக்கிழமைக் கூட்டத்தில் செலவைப் பங்கு போட்டேன். ஒரு தோழி வருவதை நிறுத்திவிட்டாள். என்ன செய்யலாம்?

திருநகர் மாடிவீடு:

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை மாதமாக ஒரு விஷயம் மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் சொன்னால் "இதற்கெல்லாமா கவலைப்படுவாய்" என்கிறார்கள். எனக்கு இது கவலைதான். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

வீடு மதுரை திருநகரில், மூன்றாவது பஸ் ஸ்டாப்பிலிருந்து உள்ளே தள்ளி. கீழே மாமியார், நாங்கள் இருவர், கல்லூரியில் படிக்கும் மகன். மேலே தகரக் கூரை போட்ட மாடி. இரண்டு வருடத்துக்கு முன் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் காய்ச்சிய அன்று, அக்கம்பக்கத்தார் நான்கு பேர் அந்த மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே மல்லிகை தொடுத்தோம். இருட்டிய பிறகும் யாருக்கும் எழுந்திருக்க மனம் வரவில்லை. அடுத்த வாரமும் வாருங்கள் என்றேன். வந்தார்கள். மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை என்று அப்படியே நிலைத்துவிட்டது. மாலை நாலரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிப்போம். இப்போது எட்டுப் பேர். ஹார்விபட்டியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை, மருந்துக்கடையில் கணக்குப் பார்ப்பவர், என் ஓரகத்தி, தெருவில் மூன்று பேர், கைத்தறி நகரிலிருந்து ஒருத்தி, நான்.

ஒவ்வொரு முறையும் ஒரு கைவேலை, ஒரு சமையல். யாருக்கு எது தெரியுமோ அவர் சொல்லிக்கொடுப்பார். சித்திரையில் பூ மலிந்து கிடக்கும்போது வாழைநாரில் நெருக்கிக் கட்டப் பழகினோம். நவராத்திரிக்கு முன் விளாச்சேரிக்குப் போய், வண்ணம் பூசாத மண்பொம்மைகளைக் கேட்டு வாங்கிவந்து நாங்களே தீட்டினோம். ஆசிரியை இரண்டு கூட்டத்தில் ஒயர்கூடை சொல்லிக்கொடுத்தார். சமையலில் முள்ளுமுருங்கை வடை, அழகர்கோவில் தோசை, கருப்பட்டிப் பணியாரம், பருத்திப்பால் எல்லாம் ஆகிவிட்டன. அழகர்கோவில் தோசை எங்கள் எல்லோரையும் மிரட்டிய பண்டம். தோல் உளுந்தும் மிளகும் சுக்கும் நெய்யும் சேர்ந்த கனமான மாவு; வெளியே முறுகி உள்ளே வேகாமல் இரண்டு தோசை போன பிறகுதான் தீயைக் குறைக்க வேண்டும் என்பது புரிந்தது.

கைத்தறி நகர்த் தோழியைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும். அவள் வீட்டிலேயே சுங்குடிக்கு, அதாவது துணியை நூலால் முடிந்து சாயம் தோய்த்துப் புள்ளி எடுக்கும் பருத்திப் புடவைக்கு, முடிச்சுப் போடுகிறாள், கூலி வேலை. எங்களுக்கு அந்த வேலையை மூன்று கூட்டம் சொல்லிக்கொடுத்தாள். அவள் விரலைப் பார்க்க வேண்டும். இடது கை நகத்தால் துணியில் ஓர் அரிசி அளவைத் தூக்குகிறாள். வலது கை நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி ஓர் இழுப்பு இழுக்கிறது. நூலை அறுப்பதே இல்லை. அதே நூல் அடுத்த புள்ளிக்கு ஓடுகிறது. நான் ஒரு முடிச்சைப் போட்டு நிமிர்வதற்குள் அவள் பத்து முடித்திருப்பாள். சாயம் தோய்த்துக் காயவைத்த துணியை இரண்டு பேர் குறுக்கே பிடித்து இழுத்தபோது நூலெல்லாம் படபடவென்று தெறித்தது. ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியின் நடுவிலும் குத்தூசி முனை அளவுக்கு ஒரு சாயப் பொட்டு. அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் கையால் முடிந்தது என்று தெரிந்துகொள்வார்களாம். என்னுடைய புள்ளிகளில் பாதிக்கு அந்தப் பொட்டே இல்லை. ஒயர்கூடை பின்னிய அன்றுகூட அவள் ஓரமாக உட்கார்ந்து எங்கள் துணிகளில் விட்டுப்போன முடிச்சுகளைப் போட்டுக்கொடுத்தாள்.

இனிச் செலவு. ஒரு கூட்டத்துக்கு மளிகை, பூ, நூல், சாயம், காபிப்பால் என்று எனக்கு 900 ரூபாயிலிருந்து 1,100 ரூபாய் வரை ஆகும். இரண்டு வருடம் யாரிடமும் கேட்கவில்லை. என் வீட்டுக்கு வருகிறவர்களிடம் காசு கேட்பதா என்ற எண்ணம். ஆனால் இந்த வருடம் மகனின் படிப்புச் செலவு கூடிவிட்டது. பங்குனியில் வாட்ஸ்அப் குழுவில், "இனிமேல் ஆளுக்கு 150 ரூபாய் கொண்டுவாருங்கள்" என்று போட்டேன். ஒரு மணி நேரத்தில் எல்லோரும் கட்டைவிரல் காட்டிவிட்டார்கள். அவளும் "சரி அக்கா" என்று எழுதினாள். அடுத்த கூட்டத்துக்கு வந்து, மடித்து மடித்துச் சிறியதாக்கிய ஒரு நூறு ரூபாய் நோட்டும் ஐந்து பத்து ரூபாய் நோட்டும் கொடுத்தாள். அதோடு சரி. மூன்று கூட்டமாக வரவில்லை. கேட்டால் முடிச்சு வேலை நிறைய வந்திருக்கிறது என்கிறாள். நாள் முழுவதும் குனிந்து முடிந்தாலும் அவளுக்கு 150 ரூபாய் வராது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எல்லோருக்கும் ஒரே தொகையைப் போட்டுவிட்டேன். அந்தப் பத்து ரூபாய் நோட்டுகளை நான் இன்னும் செலவழிக்கவில்லை.

அவளிடம் மட்டும் "நீ கொடுக்க வேண்டாம்" என்று சொல்லலாமா? அது அவளைத் தாழ்த்துவதாகிவிடுமோ? அல்லது எல்லோருக்கும் வேண்டாம் என்று நிறுத்திவிட்டு நானே பழையபடி சுமக்கவா?

இன்னொரு சங்கடமும் உண்டு. கைவேலையும் சமையலும் ஒன்றையொன்று இடிக்கின்றன. கையெல்லாம் சாயம் இருக்கும்போது அடுப்பில் பால் பொங்குகிறது. வடைக்கு எண்ணெய் காயும்போது பூ வாடுகிறது. எட்டு மணியானதும் எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுகிறார்கள். பாத்திரம் கழுவி, மாடியைப் பெருக்கி நான் படுக்கப் பத்தரை ஆகிறது. இப்படி ஒரு கூட்டத்தை வருடக்கணக்காக நடத்துகிறவர்கள் இருந்தால், எப்படி நடத்துகிறீர்கள் என்று சொல்லுங்கள். இதை விட எனக்கு மனமில்லை.


செல்லூர் அத்தாச்சி:

தங்கச்சி, நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்தப் பத்து ரூபாய் நோட்டுகளைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறாயே, உனக்கு விடை அங்கேயே இருக்கிறது.

எனக்கு 63 வயது. செல்லூரில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள். எங்கள் அம்மா காலத்தில் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பிருந்தே தெருவில் முறுக்குச் சுற்ற முறை போடுவார்கள். இன்று எங்கள் வீடு, நாளை எதிர்வீடு. மாவும் எண்ணெயும் அந்தந்த வீட்டுக்காரருடையது. கை மட்டும் எல்லோருடையது. விதவையாகி இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒரு பெரியம்மாள் கைமுறுக்கில் எட்டுச் சுற்று சுற்றுவார். அவர் வராமல் எந்த வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். அவர் வீட்டு முறை வரும்போது ஒவ்வொருத்தியும் முந்தானையில் ஓர் ஆழாக்கு அரிசி முடிந்துகொண்டு போவாள். அதை யாரும் அளந்து பார்த்ததில்லை. பெரியம்மாளும் யாரிடமும் கடன்பட்டவராக நின்றதில்லை.

நானும் என் தோழிகளும் ஏழு வருடமாக வெள்ளிக்கிழமை மாலையில் கூடுகிறோம். இன்று வரை ஒரு ரூபாய் வசூலித்ததில்லை. பொருளாகத்தான் வரும். போன வாரம் பணியாரத்துக்கு ஒருத்தி கருப்பட்டி, ஒருத்தி தேங்காய், ஒருத்தி அவள் வீட்டு மரத்து முருங்கைக்கீரையைத் தோசைக்கென்று கொண்டுவந்தாள். எதுவும் இல்லாதவள் அரைத்துக் கொடுத்தாள். ஆளுக்கு இத்தனை ரூபாய் என்று எழுதிவிட்டால் அது மொய் நோட்டு மாதிரி. நம் பக்கத்தில் மொய் என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுதிய தொகைக்குக் குறையாமல் திருப்பிச் செய்ய வேண்டும் என்று தூக்கம் கெட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தோழிகளுக்கு நடுவில் அந்த நோட்டு வேண்டாம்.

இன்னொன்று. கூட்டம் உன் வீட்டில் மட்டும் ஏன் நடக்கிறது? வீட்டை மாற்று. எட்டு வீடு என்றால் நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான் உனக்குப் பத்தரை மணி ஆகும். இடம் சின்னதாக இருக்கிறதே என்று கூச்சப்படுகிறவளின் வீட்டுக்கு முதலில் போ. அங்கே ஒரு தடவை எல்லோரும் தரையில் நெருக்கி உட்கார்ந்துவிட்டால் அதற்கப்புறம் கூச்சம் போய்விடும்.


அண்ணாநகர் அடுக்ககம்:

செல்லூர் அம்மா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் என் அனுபவம் வேறு. எங்கள் குடியிருப்பில் ஆறு பேர் இதே போல் எம்பிராய்டரியும் சமையலும் என்று ஒன்றரை வருடம் கூடினோம். பொருளாகக் கொண்டுவாருங்கள் என்றுதான் ஆரம்பித்தோம். மூன்று பேர் முந்திரியும் நெய்யும் கொண்டுவருவார்கள், இரண்டு பேர் கொத்தமல்லிக் கட்டோடு வருவார்கள். யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் கெடுத்தது. ஒரு பொங்கலோடு கூட்டம் நின்றுபோனது. அதில் இருவர் இப்போது லிஃப்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அதனால் பணம் வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். தொகையை மட்டும் எழுதாதீர்கள். மாடிப்படி முடிகிற இடத்தில் மூடியில் துளை போட்ட ஒரு எவர்சில்வர் டப்பாவை வையுங்கள். வருகிறவர் போகிறவர் முடிந்ததைப் போடட்டும். மாதக் கடைசியில் திறந்து, மொத்தம் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு என்று இரண்டு எண்களை மட்டும் குழுவில் போடுங்கள். யார் எவ்வளவு போட்டார் என்பது உங்களுக்கே தெரியக் கூடாது. குறைந்தால் அடுத்த மாதம் எளிய பண்டமாகச் செய்யுங்கள்.

பாத்திர விஷயத்தில் கறாராக இருங்கள், அக்கா. ஏழரைக்கு மணி அடித்தது போல் எல்லோரும் கைவேலையைக் கீழே வைத்துவிட வேண்டும். அந்த அரை மணி நேரம் கழுவவும் பெருக்கவும்தான்.


மேலூர்க்காரன்:

அம்மா, நான் முப்பது வருடம் கல்யாணச் சமையல் செய்தவன். பெண்கள் பேசுகிற இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். பணத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. அடுப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

கைவேலையும் சமையலும் இடிக்கின்றன என்கிறீர்கள். இரண்டிலும் காத்திருக்கும் நேரம் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். அடுப்படியில் நின்றுகொண்டே இருக்க வேண்டிய பண்டம் வடை, பணியாரம், தோசை. இவற்றைக் கையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வேலையோடு சேர்க்காதீர்கள். ஊறவைத்து, அரைத்து, கொதிக்கவைக்கும் பண்டத்தைச் சேருங்கள். துணி சாயத்தில் ஊறுகிற நேரத்தில் கை சும்மாதானே இருக்கும்? கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அப்போது அடுப்புக்குப் போகலாம். பூத் தொடுக்கும் நாளில் அடுப்பே வேண்டாம். முதல் நாளே செய்துவைத்த சீடையோ அதிரசமோ போதும். பூ யாருக்காகவும் காத்திருக்காது, சாயங்காலம் மொட்டு விரிகிறதற்குள் கட்டிவிட வேண்டும்.

பருத்திப்பால் செய்தோம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு விதை எங்கே வாங்கினீர்கள் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. விதைப்புக்கு விற்கிற பருத்தி விதையில் மருந்து கலந்திருப்பார்கள். பெரும்பாலும் நிறம் ஏற்றியிருக்கும். அதை எந்தக் காரணத்துக்கும் வாயில் வைக்கக் கூடாது. சமையலுக்கு என்று கேட்டு, மருந்து படாத கொட்டையாக, நம்பிக்கையான நாட்டு மருந்துக் கடையில் வாங்குங்கள்.

எட்டுப் பேருக்குக் கால் கிலோ கொட்டை போதும். முதல் நாள் இரவே நாலைந்து தண்ணீர் விட்டு அலசி ஊறப்போடுங்கள். மிதப்பதையெல்லாம் எடுத்துவிடுங்கள். ஊறிய கொட்டையை மைய அரைத்து வெள்ளைத் துணியில் பிழிய வேண்டும். முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் வரை எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் வெறும் தண்ணீர். நூறு கிராம் பச்சரிசியைத் தனியாக ஊறவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். பாலை முதலில் தனியாகக் கொதிக்கவிட வேண்டும். பச்சைக் கொட்டை வாசம் முழுக்கப் போன பிறகே அரிசி மாவைக் கரைத்து ஊற்ற வேண்டும். பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். மாவு சேர்ந்துவிட்டால் கரண்டியை நிறுத்தக் கூடாது, அடிபிடிக்கும். கெட்டிப்பட்டு வந்ததும், முந்நூறு கிராம் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். வடிகட்டாமல் போட்டால் மண் பல்லில் கடிபடும். சுக்கு, ஏலக்காய் தட்டிப்போட்டு, துருவிய தேங்காயைத் தூவி இறக்கினால் முடிந்தது. பால் பிழிந்து தயாராக இருந்தால் அடுப்பு வேலை முக்கால் மணி நேரம். உங்கள் சாயத் துணி ஊறும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

எட்டுப் பேர் என்றால் எட்டுப் பேருக்கு மட்டும் அளக்காதீர்கள், பத்துப் பேருக்கு அளந்து வையுங்கள். கீழே பெரியவர் இருக்கிறார், மகன் இருக்கிறான். முதல் தம்ளர் உங்கள் மாமியாருக்குப் போகட்டும்.


சாயப்பட்டறை மகள்:

மேலூர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சாயம் கரைத்த வாளி, கரண்டி, அளவு தம்ளர் எதுவும் திரும்பச் சமையலுக்கு வரக் கூடாது, எத்தனை முறை தேய்த்தாலும் சரி. ஒரு கோணிப்பையில் தனியாகக் கட்டி மாடியிலேயே வைத்துவிடுங்கள். சாயப் பொடியை டப்பாவிலிருந்து கொட்டும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கையுறை கட்டாயம். எங்கள் தாத்தா கையில் நிறம் ஏறிப்போய் நகம் கடைசி வரை நீலமாகவே இருந்தது. அவர் காலத்தில் அதைப் பெருமையாக நினைத்தார்கள். எனக்கு அந்தக் கையை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

துணியில் கஞ்சி இருந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். முதல் நாள் சலவை சோடா போட்டுக் கொதிக்கவைத்து அலசிவிடுங்கள். முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்த துணி இந்தச் சாயத்தை வாங்காது. முடிச்சைத் துணி நன்றாகக் காய்ந்த பிறகு மட்டுமே அவிழ்க்க வேண்டும். ஈரத்தில் அவிழ்த்தால் புள்ளிக்குள் நிறம் கசியும்.

இனி உங்கள் தோழியைப் பற்றி. இது எங்கள் வீட்டுக் கதை போல் இருந்ததால்தான் எழுத வந்தேன். என் பாட்டி நாயக்கர் மகால் பக்கத்துத் தெருவில், திண்ணையில் உட்கார்ந்து கண் மங்கும் வரை முடிச்சுப் போட்டவர். சௌராஷ்டிரக் குடும்பங்களில் எத்தனையோ பெண்களின் கையில் ஓடிய வேலை இது. 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் அச்சில் புள்ளி வைத்த புடவையும் கடையில் சுங்குடி என்றே விற்கிறது, விலையும் குறைவு. அதோடு போட்டி போட்டுத்தான் முடிச்சுக் கூலி நிற்கிறது. அந்தக் கூலியில் வாழ்கிறவர் உங்களுக்கு மூன்று சனிக்கிழமை இலவசமாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார். நான்காவதாக அவரிடமே 150 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள். உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறேன், அக்கா. நீங்கள் நல்லவர், அதனால் சொல்கிறேன்.

அவருக்கு விலக்குக் கொடுப்பதைப் பற்றி யோசிக்காதீர்கள். கற்றுக்கொடுத்த நாளுக்குச் சம்பளம் கொடுங்கள். ஏழு பேர் சேர்ந்து கொடுத்தால் யாருக்கும் பாரமில்லை.


செல்லூர் அத்தாச்சி:

மகளே, நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தோழியாக வருகிறவள் கையில் சம்பளத்தைக் கொடுத்தால் அவள் மறுபடி தோழியாக வருவாளா, வேலைக்கு வருவாளா? எனக்கு அந்தப் பயம் இருக்கிறது. திருநகர்த் தங்கச்சி, இங்கே எங்களைக் கேட்டது போதும். அவளைப் போய்ப் பார். போன் செய்யாதே, நேரில் போ.


திருநகர் மாடிவீடு:

எல்லோருக்கும் நன்றி. சாயப்பட்டறை மகள் எழுதியதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அத்தாச்சி சொன்னபடி புதன்கிழமை கைத்தறி நகருக்குப் போனேன். போய்வந்து இரண்டு நாள் கழித்துத்தான் எழுத முடிகிறது.

அவள் வீட்டில் முன்னறை ஒன்றுதான் பெரியது. சுவரோரம் மடித்த துணிகள், அவற்றின் மேல் கடைக்காரர் புள்ளி குறித்துக் கொடுத்த நீல மை. அவள் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து முடிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள், நூல் மட்டும் விரலிலிருந்து இறங்கவில்லை. அவளுடைய அம்மா புளியோதரை கொண்டுவந்து வைத்தார். அவர்கள் வீட்டில் அம்பட் பாத் என்கிறார்கள். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, 150 ரூபாய் விஷயத்தில் நான் செய்தது தவறு என்று நேராகவே சொன்னேன். சம்பளம் வாங்கிக்கொள்கிறாயா என்றும் கேட்டேன். இங்கே நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "பணம் கஷ்டம்தான் அக்கா, இல்லை என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் சரி என்ற பிறகு நான் மட்டும் எப்படிக் கேட்பது? ஆனால் அதற்காக மட்டும் நின்றுவிடவில்லை. வாரத்தில் ஆறு நாளும் முடிச்சு. சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தாலும் முடிச்சு. மூன்று கூட்டமும் நான் சொல்லிக்கொடுத்தேன், எனக்கு அது சந்தோஷம்தான். ஒயர்கூடை பின்னிய அன்று நானும் கற்றுக்கொள்ளலாம் என்று ஆசையாக வந்தேன். விட்டுப்போன முடிச்சைக் கொஞ்சம் போட்டுக்கொடு என்று நீங்கள் எல்லோரும் துணியை என் மடியில் வைத்துவிட்டீர்கள்."

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் துணியை வைத்தது நான்தான். இரண்டு வருடத்தில் உனக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவள் விரல் வேகத்தை வாய் ஓயாமல் புகழ்ந்திருக்கிறேன். அந்த விரல்களுக்கு ஓய்வு வேண்டும் என்று தோன்றவில்லை.

சம்பளத்தைப் பற்றி அவளே ஒரு முடிவு சொன்னாள். கூட்டத்தில் வாங்க மாட்டாளாம். ஆனால் யாருக்காவது புடவைக்கோ தாவணிக்கோ முழுதாக முடிந்து தர வேண்டும் என்றால் அது வேலை, அதற்குக் கூலி உண்டு. கடைக்காரர் கொடுப்பதைவிடக் கூடுதலாகக் கேட்பேன் என்றாள். கேள் என்றேன். ஆசிரியையும் மருந்துக்கடைத் தோழியும் ஆளுக்கு ஒரு துப்பட்டா இப்போதே சொல்லிவிட்டார்கள்.

150 ரூபாய் முறையை நிறுத்திவிட்டேன். அண்ணாநகர்த் தோழி சொன்ன டப்பாவை வைக்கப்போகிறேன். அதோடு பொருளாகவும் வரலாம், இரண்டுக்கும் தடையில்லை. ஏழரைக்குக் கைவேலையை நிறுத்த வேண்டும் என்பதைக் குழுவில் எழுதிவிட்டேன். என் ஓரகத்தி உடனே, "இதை ஒரு வருடத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் பாத்திரத்தைக் கழுவிவிட்டே போயிருப்போமே" என்று எழுதினாள். நான் சொல்லாமலே இருந்ததும் தவறுதான்.

இந்த நான்காவது சனிக்கிழமை கூட்டம் கைத்தறி நகரில், அவள் வீட்டு முன்னறையில். அவள் அம்மாவே கூப்பிட்டுவிட்டார். அம்பட் பாத் அவர்கள் வீட்டில் செய்வார்கள். அரிசியும் நல்லெண்ணெயும் நாங்கள் கொண்டுபோகிறோம். கைவேலை ஒயர்கூடை. ஆசிரியை சிவன் கண் பின்னலைச் சொல்லிக்கொடுக்கப்போகிறார். அன்று அவள் மடியில் யாரும் துணியை வைக்க மாட்டோம். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டதற்கு யோசிக்காமல் "கத்தரிப்பூ நிறமும் மாம்பழ மஞ்சளும்" என்றாள். எத்தனை நாளாக நினைத்துவைத்திருந்தாளோ.

நாளை டவுனுக்குப் போய் ஒயர் வாங்க வேண்டும். அவளுக்குச் சந்தைக்குக் கொண்டுபோகிற அளவுக்குக் கூடை வேண்டுமாம். சிவன் கண் பின்னலுக்கு எத்தனை கட்டு வாங்கினால் சரியாக இருக்கும் என்று யாராவது சொல்லுங்கள்.


செல்லூர் அத்தாச்சி:

மூன்று கட்டு வாங்கு தங்கச்சி, மஞ்சள் இரண்டு, கத்தரிப்பூ ஒன்று. மீதம் வந்தால் கைப்பிடிக்குச் சுற்றிக்கொள்ளலாம். அடியை அவள் இறுக்கிப் பின்னட்டும். முடிச்சுப் போட்ட கைக்கு அது தானாக வரும்.